குழந்தை மனநலமும் வளரும் மூளையும்: ஆய்வுத் துறைக்குப் புதிதாக வருபவருக்கு

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் துணியால் செய்த முயல் பொம்மை. அதில் உலோகம் எதுவும் இல்லை என்று முன்பே பார்த்துவிட்டோம். காதடைப்பான்களை நீட்டினேன். "அக்கா, இதற்கும் இரண்டு வேண்டும்" என்று முயலின் நீண்ட காதுகளைக் காட்டினாள். அடைப்பான் அந்தக் காதுகளில் நிற்கவில்லை. ஒட்டும் நாடா தேடிப் பத்து நிமிடம் போயிற்று. ஸ்கேனருக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. தொழில்நுட்பர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். முயலின் காதுகள் அடைபட்ட பிறகுதான் அவள் படுக்கையில் ஏறினாள். ஏறியவள் அரை மணி நேரம் அசையவே இல்லை.

இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த மென்பொருள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் கீழே வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பயன்படுத்தும் கருவிகளில் பல, அசையாமல் படுத்திருக்கவும் கேள்வியைப் புரிந்து பதில் சொல்லவும் தெரிந்த பெரியவர்களுக்காக உருவானவை. குழந்தைகளுக்கு அவை பொருந்துவது கடினம். துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு இன்னும் கடினம். அதனால், எந்தக் குழந்தையைப் புரிந்துகொள்ள ஆய்வைத் தொடங்கினோமோ அந்தக் குழந்தைதான் நம் தரவிலிருந்து முதலில் நழுவிப்போகும். நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளக் கற்பதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை மனத்தில் வைத்தே எழுதியது.

எதைப் பற்றிய துறை

2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 192 ஆய்வுகளிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. மனநலக் கோளாறு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது 14 வயதுக்குள்ளும், பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும் தொடங்கியிருந்தது. மூளை மிக வேகமாக மாறிக்கொண்டிருக்கும் வயதும் இதுதான். இரண்டுக்கும் இடையில் என்ன தொடர்பு, எந்தக் குழந்தை மீண்டு வருகிறது, எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன உதவி தேவை என்பவையே இத்துறையின் மையக் கேள்விகள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்), மனப்பதற்றம், மனச்சோர்வு, படிப்பில் தடுமாற்றம், இளமையில் பட்ட கொடுமையின் பின்விளைவு எல்லாம் இதற்குள் வரும்.

முதல் படி: எந்த வாசல் வழியாக வருவது

உளவியல், மருத்துவம், உயிரியல், பொறியியல், புள்ளியியல், சிறப்புக் கல்வி, சமூகப்பணி என எந்தப் பட்டத்தோடு வந்தவரும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். எதைப் படித்திருந்தாலும் ஒரு பாதி தெரியும், இன்னொரு பாதி தெரியாது. உளவியலிலிருந்து வருபவர் நிரல் எழுதக் கற்க வேண்டியிருக்கும். பொறியியலிலிருந்து வருபவருக்குக் குழந்தை வளர்ச்சியின் அரிச்சுவடியே புதிதாக இருக்கும். தெரியாத பாதியை முதுகலைப் படிப்பில் நிரப்பிக்கொள்வது நல்லது. முனைவர் பட்டப் பதிவுக்குப் பிறகு அதற்கான அவகாசம் சுருங்கிவிடும்.

ஒரு முடிவை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கவும் விருப்பம் இருக்கிறதா? இருந்தால் குழந்தை மனநல மருத்துவம் அல்லது மருத்துவ உளவியலில் உரிமம் பெறும் பயிற்சி வழியாக வர வேண்டும். ஆராய்ச்சிக்காகப் பெறும் முனைவர் பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தராது. இதை ஐந்து ஆண்டு கழித்து அறிந்து மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருப்பது நீண்ட பாதை. ஆனால் அந்தப் பாதையில் வந்தவர்கள் இத்துறைக்கு நிறையக் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் குழந்தை மனநல மருத்துவத்தின் முதல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ரட்டர் அவர்களில் ஒருவர். 1960-களில் இங்கிலாந்தின் வைட் தீவில் 9 முதல் 11 வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் கணக்கெடுத்த ஆய்வில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் வராத பிள்ளைகளைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை அந்த ஆய்வு நேராகவே காட்டியது.

இரண்டாம் படி: தரையில் உட்காருங்கள்

பாடநூலைத் திறப்பதற்கு முன்போ அதோடு சேர்த்தோ, ஆறு மாதமாவது குழந்தைகளோடு இருங்கள். பள்ளி, காப்பகம், சிறப்புக் கல்வி மையம், மருத்துவமனையின் விளையாட்டு அறை என எங்கே இடம் கிடைத்தாலும் சரி. வாரத்துக்கு ஒரு நாள் போதும். இதை விண்ணப்பத்தை அழகுபடுத்தும் வேலையாக எண்ணிவிடாதீர்கள்.

நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை பதிலை மாற்றிச் சொல்லும். முதல் பதில் தவறு, அதனால்தான் மறுபடியும் கேட்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. "சோகமாக இருக்கிறாயா?" என்று கேட்டால் நம்மை மகிழ்விக்க "ஆமாம்" என்னும். அதே குழந்தையிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, "இது இன்றைக்கு ஏன் பேசவே இல்லை?" என்று கேட்டால் கதை ஒன்று வெளியே வரும். பன்னிரண்டு வயதுப் பையனோ முகம் பார்த்துப் பேசினால் வாயே திறக்க மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வரைந்துகொண்டே பேசினால் பேசுவான். பசியும் தூக்கமும் நீர் கழிக்கும் அவசரமும் எந்தச் சோதனையின் மதிப்பெண்ணையும் கீழே இழுத்துவிடும். இவையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. ஆனால் தரவின் தரம் இவற்றில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: அளப்பதைக் கற்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மூளைப் படங்களில் மயங்கி இந்தப் படியைத் தாவிவிடுகிறார்கள்.

குழந்தையின் மனநலத்தை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கேட்டும் கவனித்தும்தான் அறிய வேண்டும். பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று எஸ்.டி.க்யூ. என்ற வினாப்பட்டியல். ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட இதில் 25 வாக்கியங்கள் மட்டுமே உண்டு. பெற்றோர், ஆசிரியர், வளர்ந்த பிள்ளைகள் என மூவரும் நிரப்பலாம். தாமஸ் அக்கன்பாக் உருவாக்கிய நீண்ட வினாப்பட்டியல்களும், பயிற்சி பெற்றவர் நடத்தும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல்களும் இருக்கின்றன.

மூவரும் நிரப்பினால் பதில்கள் ஒத்துப்போகுமா? அக்கன்பாக்கும் சக ஆய்வாளர்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடத்தில் குழந்தையைப் பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையே ஒட்டுறவு சராசரியாக 0.28 (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே 0.22 மட்டுமே. முதன்முதலில் இதைப் படித்தபோது கருவிகள் எல்லாம் பழுது என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வீட்டில் வெடித்து அழும் குழந்தை பள்ளியில் கல்லாக இருக்கலாம். இரண்டும் உண்மை. யார் சொன்னது என்பதைக் குறிக்காமல் மூவரின் மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த உண்மை தொலைந்துபோகும். எந்தக் கேள்விக்கு யாருடைய கண் தேவை என்பதை ஆய்வைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வினாப்பட்டியல் வேறொரு மொழியில் உருவாகியிருந்தால் மொழிபெயர்ப்பு சரியாக இருப்பது மட்டும் போதாது. அந்த வாக்கியம் புதிய இடத்திலும் அதே பொருளைத் தருகிறதா என்று சோதித்தாக வேண்டும். "பெரியவர்களோடு எளிதில் பழகுவான்" என்பது ஓரிடத்தில் பாராட்டு, இன்னோரிடத்தில் அதிகப்பிரசங்கித்தனம். இந்தச் சோதனையையே முனைவர் பட்ட ஆய்வின் முதல் இயலாக எடுத்துக்கொள்ளலாம். பயனுள்ள வேலை, செலவும் குறைவு.

இனி மூளை. இ.இ.ஜி. தலைமேல் வைக்கும் மின்முனைகளால் மூளையின் மின் மாற்றங்களை மில்லிவினாடிக் கணக்கில் பிடிக்கும். மடியில் இருக்கும் கைக்குழந்தையிடமும் எடுக்கலாம். அகச்சிவப்பு ஒளியை மண்டைக்குள் செலுத்தி மேற்பரப்பு ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை, ஓரளவு அசையும் குழந்தைக்கும் பொருந்தும். கண்நகர்வைப் பதியும் கருவி, பேசத் தெரியாத குழந்தை எதைக் கவனிக்கிறது என்று காட்டும். எம்.ஆர்.ஐ. ஆழமான பகுதிகளையும் நுட்பமாகக் காட்டும். கதிர்வீச்சு அபாயம் இல்லை. ஆனால் அசையக் கூடாது.

இந்த அசைவின் கதையைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் பகுதிகள் எப்படி இணைந்து இயங்குகின்றன என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் ஒரு காலத்தில் தெளிவான சித்திரம் ஒன்றைத் தந்தன: வயது ஏற ஏற அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு குறைகிறது, தொலைவில் உள்ளவற்றின் இணைப்பு கூடுகிறது என்று. 2012-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே சிக்கலைச் சுட்டிக்காட்டின. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலை அசைவே அருகு இணைப்புகளை மிகையாகவும் தொலைவு இணைப்புகளைக் குறைவாகவும் காட்டிவிடும். சிறு பிள்ளைகள் அதிகம் அசைகிறார்கள். வளர்ச்சி என்று எண்ணியதில் ஒரு பங்கு அசைவின் நிழல்.

சரி, அசைந்த படங்களை நீக்கிவிடலாமே என்று தோன்றும். நானும் என் முதல் ஆய்வில் அப்படித்தான் செய்தேன். நீக்கிய பட்டியலைப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தபோது கை நின்றுவிட்டது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் கவனம் நிலைக்காத பிள்ளைகள், பயந்த பிள்ளைகள், சிறிய பிள்ளைகள். எஞ்சியவர்களை வைத்து "ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் மூளை" என்று தலைப்பு எழுதியிருந்தேன். அமைதியாகப் படுக்கத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டு எல்லோருடைய பெயரிலும் பேசிய தலைப்பு அது. மாற்றினேன். அன்று முதல், யார் யார் தரவிலிருந்து வெளியேறினார்கள் என்ற அட்டவணை இல்லாமல் எந்தக் கட்டுரையையும் அனுப்புவதில்லை. நீங்களும் அந்த அட்டவணையை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறாமல் காப்பதற்கு வழி உண்டு. ஸ்கேனர் போலவே தோற்றமும் இரைச்சலும் கொண்ட மாதிரிக் கூண்டு பல ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. உண்மையான ஸ்கேனுக்குச் சில நாள் முன்பே குழந்தையை அதில் படுக்கவைத்துச் "சிலை விளையாட்டு" ஆடலாம். கூண்டு இல்லையென்றால் ஒரு மேசைக்கு அடியில் போர்வை விரித்து, ஸ்கேனர் ஒலியைக் கைபேசியில் போட்டும் பழக்கலாம்; நான் செய்திருக்கிறேன். கைக்குழந்தைகளைப் பாலூட்டிப் போர்வையில் பொதிந்து, இயல்பான உறக்கத்திலேயே படம் எடுக்கிறார்கள். ஒரே மூச்சில் நீண்ட ஸ்கேன் எடுப்பதைவிடச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து நடுவில் இடைவேளை விடுவது எப்போதும் மேல்.

நான்காம் படி: புள்ளியியலும் நிரலும்

ஆர் மொழி அல்லது பைத்தான், இரண்டில் ஒன்றையாவது நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப அளக்கும் தரவுக்கு ஏற்ற பலநிலை மாதிரிகள், விடுபட்ட தரவைக் கையாளும் முறைகள் ஆகிய இரண்டும் இத்துறையில் அன்றாடம் தேவைப்படும்.

2009-இல் சில ஆய்வாளர்கள் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ.யில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரே நேரத்தில் சோதனை செய்யும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனின் மூளையும் "இயங்குவதாக" முடிவு வந்தது. 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, மூளை அளவீடுகளுக்கும் மனநல மதிப்பெண்களுக்கும் இடையிலான தொடர்புகள் மிகச் சிறியவை என்றும், ஆட்களை ஒப்பிட்டு அவற்றை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்றும் காட்டியது. இருபத்தைந்து பேரை வைத்துக் கட்டுரை எழுதுவது அதுவரை வழக்கமாக இருந்தது. ஆகவே ஒரு பழைய சிறிய ஆய்வின் முடிவைப் படிக்கும்போது, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சிறிய குழுவை வைத்து எதுவுமே செய்ய முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே குழந்தையிடம் பல மணி நேரத் தரவு எடுப்பது, ஒரு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது போன்ற வடிவமைப்புகளில் குறைந்த எண்ணிக்கையும் பயன்படும். கேள்விக்கு ஏற்ற வடிவமா என்பதுதான் விஷயம்.

சொந்தமாக ஸ்கேனர் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வு 21 இடங்களில் 9, 10 வயதுள்ள 11,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து ஆண்டுதோறும் பின்தொடர்கிறது. உங்கள் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்து, தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தத் தரவில் வேலை செய்யலாம். முதல் பயிற்சியாக நான் எப்போதும் பரிந்துரைப்பது: வெளியான ஒரு முடிவை எடுத்து, அதே முறையில் நீங்களே திரும்பச் செய்து பாருங்கள். வருகிறதா, வரவில்லையா, ஏன் என்று எழுதுங்கள். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து கற்பதைவிட இதில் கற்பது அதிகம்.

ஐந்தாம் படி: காலத்தைக் கடன் வாங்குவது

வளர்ச்சியை ஆய்வு செய்ய நேர்மையான வழி, ஒரே குழந்தையைப் பல ஆண்டுகள் பின்தொடர்வது. ஐந்து வயதுக் குழந்தைகளையும் பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் ஒரே நாளில் ஒப்பிட்டால் தெரிவது வயது வேறுபாடு மட்டும்தான். யார் எப்படி மாறினார்கள் என்பது தெரியாது. ஆனால் முனைவர் பட்டத்துக்கு மூன்றிலிருந்து ஆறு ஆண்டுதான். அதற்குள் எந்தக் குழந்தையும் வளர்ந்து முடியாது.

இதற்குத் தீர்வு, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் சேர்வது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73-ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 45 வயதிலும் உயிரோடிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திரும்பி வந்து பங்கேற்றார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 92-இல் குழந்தை பிறக்கவிருந்த சுமார் 14,000 கர்ப்பிணிகளோடு தொடங்கிய ஆய்வும் அப்படியே தொடர்கிறது. டனீடனில் திரும்பி வந்த எண்ணிக்கைதான் எனக்குப் பெரிய பிரமிப்பு. நாற்பது ஆண்டுக்கு மேலாக மக்கள் நம்பி வருகிறார்கள் என்றால், அவர்களை யாரோ ஒவ்வொரு முறையும் மரியாதையோடு வரவேற்று அனுப்பியிருக்கிறார்கள்.

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும்போது, அந்தக் குழுவிடம் தொடர் ஆய்வுத் தரவு இருக்கிறதா, அதை மாணவர் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆறாம் படி: நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவரிடம் பேசுவதைவிட அவருடைய மாணவர்களிடம் பேசுவது முக்கியம். தற்போது இருப்பவர்களோடு, படித்து முடித்தவர்களிடமும் நடுவில் விட்டுப் போனவர்களிடமும் கேளுங்கள். வரைவைத் திருப்பித் தர அவருக்கு எத்தனை வாரம் ஆகும்? எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன சொன்னார்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று எப்போது முடிவாகிறது? தரவு திரட்டும் உதவியாளர்கள், குழந்தைகளை விளையாட வைத்து அமைதிப்படுத்துபவர்கள் அங்கே மதிக்கப்படுகிறார்களா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு அளவுகோல். இளம் வயதில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், முடிவு வராத ஒவ்வொரு முறையும் "வயதுப் பிரிவை மாற்றிப் பார்" என்பார்கள். நான்காவது முறை மாற்றியபோது முடிவு வந்தது. கட்டுரையும் வந்தது. அதை இன்றைக்கும் என் பட்டியலில் பார்க்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவைப் பார்க்கும் முன்பே பொது இணையதளத்தில் நாளிட்டுப் பதிந்துவைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதைத் தயங்காமல் செய்யும் நெறியாளரிடம் சேருங்கள்.

ஏழாம் படி: ஒப்புதல், இசைவு, ரகசியம்

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்க முடியாது. அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களை ஆய்வின் கால அட்டவணையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி ஒப்புதல் தருவது பெற்றோர். ஆனால் குழந்தையின் இசைவும் தனியே வேண்டும். 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தன் 12-ஆம் பிரிவில், தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. தாய் கையெழுத்திட்டுவிட்டார், பெண் கதவருகில் தலைகுனிந்து நிற்கிறாள் என்றால், அவள் இசையவில்லை. "வேண்டாம் என்றால் இந்தச் சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டு" என்று சொல்லி அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். சில பிள்ளைகள் தொடங்கியதும் உண்மையாகவே நிற்கிறோமா என்று பார்க்க ஒருமுறை காட்டுவார்கள். நிறுத்துங்கள். பெரும்பாலும் பிறகு அவர்களே தொடரச் சொல்வார்கள்.

எல்லா ஏற்பாட்டிலும் முக்கியமானது, ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தால் என்ன செய்வது என்பது. வினாப்பட்டியலை நிரப்பும்போது ஒரு பிள்ளை சாகத் தோன்றுகிறது என்று எழுதலாம். வீட்டில் அடி என்று சொல்லலாம். அந்தத் தாள்களைக் கட்டிவைத்து மூன்று மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போது கண்டுபிடிப்பது மன்னிக்க முடியாத தவறு. குழந்தை அறையைவிட்டுப் போகும் முன்பே அந்தப் பதில்களைப் பார்ப்பவர் யார், அன்று அழைக்க வேண்டிய மருத்துவர் யார், சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பவை பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் எழுதி அறையில் இருக்க வேண்டும். எதைத் தவிர எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருப்போம் என்பதைக் குழந்தைக்கு முதலிலேயே எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள். எல்லாமே ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வைப் பற்றித் தேடிப் படியுங்கள். காப்பக நிறுவனங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவாற்றல் மேம்பட்டது. இளம் வயதிலேயே போனவர்களுக்குக் கூடுதலாக. மீதிப் பேரைக் காப்பகத்திலேயே விட்டது சரியா என்ற கேள்வி இன்றுவரை வகுப்பறைகளில் விவாதிக்கப்படுகிறது. வேறு குடும்பம் கிடைத்தால் எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகத் தடுத்து நிறுத்தக் கூடாது என்ற விதியோடுதான் அது நடந்தது. இருபுறத்து வாதங்களையும் படித்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

எட்டாம் படி: எழுதும் சொற்கள்

குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தார். அதன்பின் இருபது ஆண்டுக்கும் மேலாக, தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்ற கருத்து செல்வாக்கோடு இருந்தது. ஆதாரம் கிடையாது. எத்தனை தாய்மார்கள் தங்களையே குற்றவாளிகளாக நினைத்து வாழ்ந்தார்கள் என்பதற்குக் கணக்கும் கிடையாது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, அது உயிரியல் சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதிய பிறகே எதிர்க்குரல் வலுப்பெற்றது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். "தாயின் மனச்சோர்வு குழந்தையின் மூளையைச் சிதைக்கிறது" என்று செய்திக் குறிப்பு அனுப்புவதற்கு முன், நீங்கள் கண்டது ஒட்டுறவா காரணமா, வேறுபாடு எவ்வளவு, பரம்பரை, வறுமை போன்றவை கணக்கில் வந்தனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியை நள்ளிரவில் கைக்குழந்தையோடு விழித்திருக்கும் ஒரு தாய் படிப்பார்.

ஒன்பதாம் படி: பிழைப்பு

முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று, சில வேளை ஆறு ஆண்டுகள்கூடத் தற்காலிக ஆய்வாளர் பணிகளில் கழியும். நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் விண்ணப்பிப்பவர்களைவிட மிகக் குறைவு. திறமையுள்ள பலருக்கும் கிடைப்பதில்லை; அவர்களிடம் குறை என்று பொருள் இல்லை. சிறிய பயண உதவித்தொகை முதல் பெரிய ஆய்வு நல்கை வரை, சீக்கிரமே விண்ணப்பம் எழுதிப் பழகுங்கள். முதல் சில நிராகரிக்கப்படும். மதிப்பீட்டாளர் குறிப்புகளைச் சேர்த்து வையுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு அவைதான் கரு. குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கான எஸ்.ஆர்.சி.டி. என்ற சங்கம் 1933-லிருந்து இயங்குகிறது, வளர்ச்சி அறிவாற்றல் நரம்பியலுக்கு ஃப்ளக்ஸ் என்ற சங்கம் இருக்கிறது. இரண்டின் மாநாடுகளிலும் மாணவர்கள் சுவரொட்டி வைத்துத் தங்கள் ஆய்வை விளக்கலாம். இணை ஆய்வாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்கள்.

தரவு அறிவியல், கல்விக் கொள்கை, சுகாதாரத் துறை, சோதனைக் கருவி உருவாக்கம் ஆகியவற்றுக்கு இந்தப் பயிற்சி நேராகவே உதவும். அந்த வழிகளை முதல் ஆண்டிலேயே தெரிந்து வைத்திருங்கள்.

கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் கதைகளை நாள்தோறும் கேட்பவருக்கு அது உள்ளே தங்கும். வாரம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பேசும் ஏற்பாடு இல்லாத இடமாக இருந்தால், நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள்.

கடைசியாகச் செய்யும் வேலை

ஆய்வு முடிந்து, கட்டுரை வெளியானதும் பங்கேற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்குத் தனியே ஒன்று. என்ன கேட்டோம், என்ன கண்டோம், எது இன்னும் புரியவில்லை என்று மூன்று பத்திகள். முகவரி மாறியிருக்கும், சில கடிதங்கள் திரும்பி வரும். தொலைபேசியில் தேடிக் கண்டுபிடியுங்கள். அடுத்த கட்ட ஆய்வுக்கு அவர்களைத்தான் மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கும். முயலோடு வந்த சிறுமிக்கு நான் எழுதிய கடிதத்தில் அவள் மூளையின் படம் ஒன்றையும் வைத்திருந்தேன். பதிலாக ஓவியம் ஒன்று வந்தது. ஸ்கேனர் வளையத்துக்குள் நீண்ட காதுகள் மட்டும் தெரிந்தன. கீழே, முயலின் படம் எப்போது வரும் என்று கேட்டிருந்தாள்.